தெற்கத்தியான் கொண்டுபோன சோறு

பர்மாவில் ஒரு சொலவடை உண்டு: மண்டலேக்காரன் பேச்சு, ரங்கூன்காரன் ஜம்பம், மோல்மேன்காரன் சாப்பாடு. இந்த மூன்றில் சாப்பாட்டை எனக்குப் பிறந்த ஊர் கொடுத்தது. ஜம்பத்தை வளர்ந்த ஊர் கொடுத்தது. பேச்சும் குறைவில்லை என்று என் கடை ஆட்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும், பொய்யில்லையே.

இன்றைக்கு எனக்கு ரங்கூனில் மூன்று சாப்பாட்டுக் கடைகள். கியாக்டடாவில் ஒன்று, லைங் தாயாவில் ஒன்று, ஷ்வேப்யிதாவில் ஒன்று. லைங் தாயா கடையில் காலை வேளை, தையல் தொழிற்சாலை பஸ்கள் கிளம்புவதற்கு முன்னால் வந்து பாருங்கள். நிற்க இடம் இருக்காது. நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடும் பெண்கள், 'நாளைக்கும் எனக்கு எடுத்து வை' என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். மூன்று கடைப் பலகையிலும் ஒரே பெயர்தான்: மொலமியாய்ங்தா. மோல்மேன் மண்ணில் பிறந்தவன் என்று பர்மிய மொழியில் அர்த்தம். தமிழர்கள் 'தெற்கத்தியான் கடை' என்பார்கள். அது எனக்கு வசவாக வந்த பெயர். வசவைப் பலகையில் எழுதி மாட்டி அதற்குக் கீழே உட்கார்ந்து சம்பாதித்தவன் ரங்கூனில் என்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான்காம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். தமிழ் எழுத்து கோயில் வகுப்பில் படித்தது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். மோல்மேனில் அப்பா வேலை பார்த்த அரிசி ஆலையை மூடிவிட்டார்கள். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். அப்போது ஆற்றுக்குப் பாலம் கிடையாது. படகில் கடந்து மொட்டமாவில் ரயில் ஏற வேண்டும். படகில் அம்மா அக்கரையைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் இக்கரையைப் பார்த்து உட்கார்ந்தேன். அப்பா எங்கள் பாத்திர மூட்டையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மோல்மேன் ரங்கூனுக்குச் சரியாகத் தெற்கா என்று படித்தவர்கள் கேட்பார்கள். கிழக்கும் கலந்துதான் இருக்கிறது. ஆனால் ரங்கூன்காரனுக்கு அந்த ஆற்றைத் தாண்டிவிட்டால் எல்லாமே தெற்கு. நாங்கள் குடிவந்த சந்தில் இருந்த தமிழர்களுக்கும் அப்படித்தான்.

வந்த அன்றைக்கே குழாயடியில் ஒருவன் மறித்தான்.

"எந்தூருடா?"

"மோல்மேன்."

"தெக்கத்தியானா! டேய், ஓடியாங்கடா, ஒரு தெக்கத்தியான் வந்திருக்கான். பேசு, பேசு, எதாச்சும் பேசிக் காட்டு!"

பேசினேன். அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான மொன் ஜனங்களோடு ஒரே தெருவில் புழங்கி வளர்ந்த தமிழ் எங்களுடையது. வாக்கியத்தின் கடைசியில் மெதுவாக ஓர் இழுப்பு இழுக்கும். ரங்கூன் தமிழோ பஸ் கண்டக்டர் மாதிரி வெட்டி வெட்டிப் பேசும். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னடா இது, தாலாட்டா பாடுற?"

"ஆமா, நீ தூங்குடா" என்று அதே இழுப்போடு சொன்னேன். அடி விழுந்தது. ஆனால் அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் அதற்கும் சிரித்தார்கள். அந்தப் பாதியை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அப்பா வேறு மாதிரி. துறைமுகத்துக்குப் போன கொஞ்ச நாளிலேயே அவர் இழுப்பை விழுங்கிவிட்டார். "கேட்டா ரங்கூன்னு சொல்லிட்டுப் போயேண்டா. வாயா வலிக்கும்?" என்பார். எனக்கு வாய் வலிக்கவில்லை. மனசு ஒப்பவில்லை. ரங்கூனில் பிறந்தவர்கள் ரங்கூன் என்கிறார்கள், நான் ஏன் என் ஊரைச் சொல்லக்கூடாது?

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும். ஒருநாள் வாத்தியார் எல்லாரையும் வரிசையாக எழுப்பி, சொந்த ஊரைச் சொல்லச் சொன்னார். பையன்கள் எழுந்து தேவகோட்டை, பட்டுக்கோட்டை, மாயவரம் என்று ஒப்பித்தார்கள். ஒருவனும் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. அவன் அப்பனும் பார்த்ததில்லை. என் முறை வந்தது.

"மோல்மேன்."

"அது பொறந்த ஊருடா. சொந்த ஊரு எது?"

"பொறந்த ஊரு சொந்தமில்லேன்னா, பாக்காத ஊரு எப்படி சார் சொந்தமாவும்?"

பிரம்பு முதுகில் விழுந்தது. கேள்விக்குப் பதில் இன்று வரை வரவில்லை. பிற்பாடு வசதி வந்த பிறகு நானே தஞ்சாவூர்ப் பக்கம் போய், அப்பாவின் பாட்டன் பிறந்த ஊரையும் பார்த்துவிட்டு வந்தேன். "பர்மாக்காரர் வந்திருக்கார்" என்று காபி கொடுத்தார்கள். நல்ல காபி. "மோல்மேன்காரர்" என்று திருத்திவிட்டுத்தான் குடித்தேன்.

அம்மாவும் ஊரை விடவில்லை, ஆனால் அவள் கதவைச் சாத்திக்கொண்டு விடாமல் இருந்தாள். சித்திரை பிறக்கிற சமயத்தில்தான் பர்மியர்களின் திங்யான் தண்ணீர்த் திருவிழாவும் வரும். ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். தெற்கே மொன் ஜனங்கள் அந்த நாட்களில் தண்ணீர்ச் சோறு செய்வார்கள். பழையது என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு வடித்த சோறு. அரிசியைச் சற்று விறைப்பாக வேகவைத்து, பருக்கை பருக்கையாகப் பிரிகிற வரையில் தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். மண்பானையைத் தேன்மெழுகுத் திரியின் புகையில் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரை அதில் ஊற்றி, மல்லிகையை மிதக்கவிட்டு, அப்புறம் சோற்றைப் போட வேண்டும். தொட்டுக்கொள்ள வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்த பச்சை மாங்காய், பொரித்துப் பொடித்த விரால் கருவாடு. சித்திரை வெயிலில் அது தொண்டையில் இறங்குவதைச் சொல்லி விளக்க முடியாது. முதல் கவளம் வாசலில் கட்டிய மூங்கில் மாடத்துத் தெய்வத்துக்கு. அடுத்தது பிக்குகள் மடத்துக்கு. அதற்கப்புறம், யாரைப் பெரிதாக மதிக்கிறோமோ அவர் வீட்டுக்கு. மோல்மேனில் எங்கள் தெருத் தமிழர்கள் நாங்களும் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தோம்.

ரங்கூன் தமிழ் வீடுகளில் சித்திரை முதல் நாள் மரக்கறிச் சாப்பாடு. அன்றைக்குக் கருவாடு பொரித்தால் பேச்சு வரும். அதனால்தான் கதவு சாத்துவது.

"மெள்ள தின்னுடா."

"சோறு திங்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்காம்மா போவும்?"

"கருவாட்டு வாசனைக்குக் கால் இருக்குடா, அதான் போவும்."

பதினைந்து வயதில் சூலே பஸ் நிறுத்தத்தில் மொஹிங்கா விற்க ஆரம்பித்தேன். மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ். பர்மாவில் காலைச் சாப்பாடு அதுதான். குழம்பு அம்மா கைப்பக்குவம், கூவுகிற குரல் என்னுடையது, இழுப்பு மோல்மேனுடையது. அந்த இழுப்பைக் கேட்டே ஆள் திரும்பிப் பார்க்கும். எந்தத் தாலாட்டுக்கு அடி வாங்கினேனோ அதுவே எனக்கு விளம்பரம். தோளில் பானை சுமந்து விற்றவன், பிறகு நடைபாதையில் ஓரிடம் பிடித்தேன். இடம் பிடித்த அன்றே பலகையும் மாட்டினேன். அப்பா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எதிர்ச் சாரியில் நடந்து போவார். சம்பாத்தியம் நன்றாக வர ஆரம்பித்த பிறகுதான் இந்தச் சாரிக்கு வந்தார்.

பக்கத்துப் பேங்கில் டைப் அடிக்கிற ஒரு பெண் தினமும் காலையில் வருவாள். ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவரின் மகள். மூன்று தலைமுறையாக ரங்கூன்.

"உங்க ஊர்ல உப்பு வெளையாதோ?" என்றாள் ஒருநாள், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

"நல்லாவே வெளையும். ரங்கூன்லதான் நாக்கு மரத்துப் போச்சு போல."

"நாக்கு மரத்தவங்கதான் தெனம் உங்க கடைக்கு வர்றோம்."

ரங்கூனில் அதுவரைக்கும் என்னைப் பேச்சில் மடக்கியவர்கள் கிடையாது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் பூக்காரம்மாவை அவர்கள் வீட்டுக்குத் தூது அனுப்பினேன். அவள் போய்விட்டு வந்து என் கடை முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பொண்ணுக்கு இஷ்டம்தான். அது சிரிக்கிற சிரிப்புலயே தெரியுது. ஐயா ஒண்ணும் சொல்லல. பொண்ணோட அம்மாதான். கடை நல்லாப் போவுது, ஆளும் வாட்டசாட்டமா இருக்கான், எல்லாம் சரி, ஆனா தெக்கத்தியானாமேங்கிறா. அந்தப் பலகைய மட்டும் கழட்டிட்டா தேவலையாம்."

"கழட்ட மாட்டேன்."

"பொண்ணு வேணுமா, பலகை வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"ஆசைக்கு ஒண்ணும் கொறைச்ச இல்ல. கேட்டுக்க, வேற ஒரு எடமும் வந்திருக்கு. ரங்கூன்லயே பொறந்த மாப்ளே. சித்திரை ஒண்ணாந்தேதி நீ வீட்டுக்கு வரணுமாம். ஒன்னயப் பாத்துட்டு அன்னிக்கே முடிவு சொல்லிடுவாங்களாம். வாயக் கொஞ்சம் அடக்கிட்டுப் போ."

வாயை அடக்கிக்கொண்டு போகலாம். வெறுங்கையோடு போகலாமா? லட்டும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போ என்றாள் அம்மா.

"வருஷப்பொறப்புக்கு நாம மதிக்கிறவங்க வீட்டுக்கு என்னம்மா கொண்டுபோவோம்?"

"அது ஊருடா. இது ரங்கூன்."

"பொண்ணக் கேக்கப் போறேன். நம்மகிட்ட இருக்கிறதுலயே பெருசத்தானே கொண்டுபோவணும்?"

அம்மா எழுந்து தேன்மெழுகு தேட ஆரம்பித்தாள். அந்த வருஷம் கதவை அகலத் திறந்து வைத்துச் செய்தாள். கருவாட்டையும் திறந்து வைத்தே பொரித்தாள்.

புதுப் பானையில் சோறு, அதற்கு வெள்ளைத் துணி, துணிமேல் மல்லிகைச் சரம். தூக்குச் சட்டியின் ஒரு தட்டில் மாங்காய், ஒரு தட்டில் கருவாடு. வெளுத்த சட்டை, புதுப் பர்மிய லுங்கி. தெருவில் இறங்கினேன். தெரு முழுக்கத் தண்ணீர். லாரிகளில் ஆட்டம், மேடைகளில் பாட்டு, பீப்பாய் வைத்துக்கொண்டு மூலைக்கு மூலை வாலிபக் கூட்டம். ஒருவன் குழாயை என் பக்கம் திருப்பினான். பக்கத்தில் நின்ற கிழவர் பானையைப் பார்த்துவிட்டு, "மலௌன்னே, மலௌன்னே!" என்று கத்தினார். ஊற்றாதே என்று அர்த்தம். திங்யான் சோறு போகிறது என்று கூட்டத்துக்குச் சொன்னார். குழாய் தாழ்ந்தது. அடுத்த மூலையிலும் அதே கதை. மந்திரி காருக்குக்கூடத் தண்ணீர் விழும் அந்த நாளில், நான் ஒரு சொட்டு நனையாமல் ரங்கூன் நடுவில் நடந்து போனேன். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன மரியாதை வேண்டும்?

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. கதவில் மாவிலை. உள்ளே பாயசம் கொதிக்கிற வாசனை. பெண்ணின் அப்பா எழுந்து வரவேற்றார். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேச மாட்டார். பூக்காரம்மா முன்னாலேயே வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பானையை இரண்டு கையாலும் பெண்ணின் அம்மா முன்னால் வைத்துத் துணியை எடுத்தேன்.

அந்த அம்மா குனிந்து பார்த்தாள். தண்ணீர், சோறு. மெழுகுப் புகை வாசனை. பிறகு தூக்குச் சட்டியைத் திறந்தாள்.

"ஐயையோ! நல்ல நாளும் அதுவுமா பழையதையும் கருவாட்டையும் தூக்கிட்டு வந்திருக்கானே! சாவு வீட்டுக்கா வந்திருக்கே? ஏண்டி பூக்காரி, இவனையா நீ ஆகா ஓகோன்னே?"

"நான் லட்டுன்னு நெனச்சேன்" என்றாள் பூக்காரம்மா.

"அம்மா, பழையதில்ல, காலையில வடிச்சது" என்றேன். எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். யாருக்கு அந்தச் சோறு போகும் என்று சொன்னேன். அந்த அம்மா மூக்கைப் பொத்திய முந்தானையை எடுக்கவில்லை. அவர்கள்மேலும் தப்பில்லை. தண்ணீர் ஊற்றிய சோறு என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"தம்பி, தெரியாம செஞ்சிட்டீங்க. போவட்டும். பின்பக்கம் சாக்கடை இருக்கு. இத அங்க ஊத்திட்டு, கை கால அலம்பிட்டு வாங்க. எல போடச் சொல்றேன். உக்காந்து பேசுவோம்."

பேசுவோம் என்றால் கல்யாணப் பேச்சு. அது எனக்கும் புரிந்தது, உள்கதவுப் பக்கம் நின்ற அவளுக்கும் புரிந்தது. பானையைக் கவிழ்த்தால் பெண். கவிழ்க்காவிட்டால் ரங்கூன் மாப்பிள்ளை வந்து உட்காருவான். பூக்காரம்மா கண்ணாலேயே 'ஊத்து, ஊத்து' என்றாள். நான் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"ஐயா, பொண்ணுக்காக அன்னத்தச் சாக்கடையில ஊத்துறவன், நாளைக்கு வேற எதுக்காகவோ உங்க பொண்ணையும் ஊத்திருவான். அப்பிடிப்பட்டவனுக்கு நீங்க குடுக்காதீங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். தயங்கித் தயங்கி இறங்கினான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படி ஈரம், அதனால் மெதுவாக இறங்கினேன்.

கீழே வந்ததும் யோசனை வந்தது. ஊற்றவும் கூடாது, திரும்பக் கொண்டுபோகவும் கூடாது. மதிக்கிறவர் வாங்கவில்லையென்றால் ஊருக்கே மரியாதை செய்துவிட வேண்டியதுதான். கீழ்வீட்டு முக்காலி ஒன்றை இழுத்துப் பானையை வைத்தேன். சூலேயில் கூவுகிற குரலை எடுத்தேன். "மொலமியாய்ங் தமின்! மோல்மேன் சோறு!" இழுப்பு கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கட்டும் என்றுதான்.

வெயிலில் காய்ந்து, தண்ணீரில் நனைந்து, ஆடி ஆடிப் பசித்திருந்த கூட்டம். டம்ளர், மூடி, வாழையிலைத் துண்டு, கையில் எது கிடைத்ததோ அதோடு வந்தார்கள். லாரி ஒன்று நின்று டிரைவர் இறங்கி வந்தார். கீழ்வீட்டு பர்மியக் கிழவி ஒருத்தி வாங்கி, நெற்றிக்கு உயர்த்தி, அப்புறம் வாயில் வைத்தாள். மாடிகளில் தமிழ்த் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் யாரையும் பார்க்காமல் அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு இருக்கா, எல்லாத்தையும் ஊருக்கே குடுத்துட்டீங்களா?"

அவள்தான். பட்டுப் புடவை, கையில் ஒரு வெள்ளித் தட்டு. வாசலைத் தாண்டியவுடனே யாரோ ஒருவன் அவள் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டிருந்தான். முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"கருவாடு வைக்கவா, வேண்டாமா?" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தி மூன்றாவது மாடியைப் பார்த்தாள். அவள் அம்மா அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பாவும் நின்றார்.

"வையுங்க" என்றாள், மாடிக்குக் கேட்கிற மாதிரி.

நடுத்தெருவில் நின்று சாப்பிட்டாள். மூன்று தலைமுறை ரங்கூன், பேங்க் உத்தியோகம், பட்டுப் புடவை, கையில் தெற்கத்தியான் சோறு. இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினாள். கூட்டம் கைதட்டியது. பர்மியர்களுக்கு விஷயம் தெரியாது, ஆனாலும் விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ரங்கூனில் மாடி வீடு ஒவ்வொன்றுக்கும் தெருவரை தொங்கும் ஒரு கயிறு உண்டு. பேப்பர்காரன், காய்காரி எல்லாரும் கீழேயே கட்டிவிடுவார்கள், வீட்டுக்காரர்கள் மேலே இழுத்துக்கொள்வார்கள். நான் பானையில் மிச்சத்தைச் சுரண்டப் போன சமயம், என் மூக்குக்கு நேராக ஒரு கயிறு இறங்கி வந்தது. நுனியில் காலிப் பாத்திரம் ஒன்று ஆடியது. மேலே பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்தவர் அவள் அப்பா. என்னைப் பார்க்காமல் எதிர் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சோற்றைப் போட்டேன். மாங்காயைப் போட்டேன். கருவாட்டில் கை வைத்ததுதான் தாமதம், மேலேயிருந்து அந்த அம்மாவின் குரல் இடி மாதிரி விழுந்தது.

"ஏய், தெக்கத்தியான்! கருவாட்டுல கை வைக்காதே! இன்னிக்கு வருஷப்பொறப்பு! மாங்கா மட்டும் நெறைய வையி!"

தெருவில் இருந்த தமிழர்கள் எல்லாரும் சிரித்தார்கள். குழாயடியில் கேட்ட சிரிப்பு இல்லை இது. பாத்திரம் ஆடி ஆடி மேலே போனது. அவள் கையில் தட்டோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். மேலே கரண்டி பாத்திரத்தில் உரசுகிற ஒலி கேட்டதாக அவள் பிற்பாடு சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, நான் பானையைச் சுரண்டுகிற சத்தம் பெரிதாக இருந்தது.

பிறகு அவள் அப்பா கம்பிக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"தம்பி, மேல வாங்க. எல போட்டாச்சு. பானையையும் எடுத்துட்டு வாங்க."

அவள் முன்னால் ஏறினாள், புடவையிலிருந்து படிக்குப் படி தண்ணீர் சொட்டியது. நான் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். காலிப் பானைதான். ஆனாலும் அன்றைக்கு ரங்கூனில் என்னைப்போல நெஞ்சை நிமிர்த்திப் படியேறியவன் ஒருவனும் இருந்திருக்க மாட்டான்.